வாசிக்கக் கற்பிக்க நாம் எங்கே கற்பது? தமிழாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வந்து பத்தொன்பது ஆண்டு ஆகிறது. புதிதாகச் சேரும் தமிழாசிரியர்கள் வாட்ஸ்அப்பில் என்னிடம் கேட்பதில் பாதி ஒரே விஷயம்தான்: பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருவது எப்படி, அதை நான் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன். இது கல்வி அமைச்சின் அறிவிப்பு இல்லை, ஒரு வகுப்பாசிரியையின் அனுபவம். பிடிக்காததைத் தள்ளிவிடுங்கள்.

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், பட்டமும் இருக்கிறது. வாசிக்கச் சொல்லித்தர தனியாக ஒரு பயிற்சி எதற்கு?

உங்களுக்கு வாசிக்க வந்த நாள் நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. சிக்கலே அங்குதான். நமக்குத் தானாக வந்ததுபோலத் தோன்றும் ஒன்றை, அது வராத பிள்ளைக்குப் பிரித்துக் காட்டத் தெரிய வேண்டும்.

‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலை 1 பையன் ஒருவன் அதை ‘கெ... ஆ... டி’ என்று படித்தான். வகுப்பே சிரித்தது, நானும் ‘தப்பு, கொடி’ என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் உறைத்தது. அவன் ஒழுங்காக இடமிருந்து வலமாகத்தான் படித்திருக்கிறான். முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கொம்பும் க-வும் சேர்ந்தால் ‘கெ’, தனியாக நிற்கும் காலைப் பார்த்தால் ‘ஆ’. ஒலியில் க் முன்னால் வருகிறது, எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. மூன்று துண்டும் சேர்ந்து ஒரே எழுத்து என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை, நான் உட்பட. மறுநாள் அந்த மூன்று துண்டையும் ஒரே கட்டத்துக்குள் போட்டுக் காட்டியதும் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டான்.

இன்னொன்று. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே க, மூன்று ஒலி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குச் சொல் முன்பே தெரியும், எழுத்தைப் பார்த்ததும் ஒலியைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020இல் அது 2.5 ஆகிவிட்டது. நாம் படித்த காலத்து முறை, பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தைக் காட்டும் முறை. இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் அது போதாது. பட்டப்படிப்பில் எனக்குச் சங்க இலக்கியம் சொல்லித்தந்தார்கள், கொம்பையும் காலையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, எங்கே பயிற்சி கிடைக்கும்?

பள்ளி ஆசிரியராக இருந்தால் முதல் வாசல் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பீட்டி ரோட்டில் இருக்கிறது. தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியாக இருந்த உமறுப் புலவர் பள்ளியின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது. தமிழாசிரியர்களுக்கென்றே பயிலரங்குகள், மாஸ்டர் டீச்சர்களின் (மற்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியர்கள்) வகுப்புகள் எல்லாம் அங்கேதான். நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் பணியிடைப் பயிற்சிகளும் மேற்படிப்பும் உண்டு. 1951இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும் அவ்வப்போது நிகழ்ச்சிகள் நடத்தும். அமைச்சின் பயிற்சிகளுக்கு ஓப்பல் என்ற ஆசிரியர் பயிற்சி இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், துறைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாற்று ஆசிரியர் ஏற்பாடு செய்ய அவருக்கு நேரம் வேண்டும். கடைசி நிமிடத்தில் கேட்டுவிட்டு ‘விடமாட்டேன் என்கிறார்’ என்று என்னிடம் புலம்பாதீர்கள்.

ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சி கட்டாயமா?

அது உரிமை. ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை தொழில்சார் மேம்பாட்டுக்குச் செலவிடலாம் என்பது 1990களின் பிற்பகுதியிலிருந்தே இருக்கும் ஏற்பாடு. மணி நேரத்தை நிரப்புவதற்காகக் கண்ணில் பட்டதற்கெல்லாம் பதிவு செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பட்டியலை மூடிவிட்டு முதலில் உங்கள் வகுப்பில் தடுமாறும் இரண்டு பிள்ளைகளைப் பாருங்கள்.

என் வகுப்பில் ஒரே ஆண்டில் இரண்டு பேர் இருந்தார்கள். கருத்தறிதலில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண், ஒரே ஆதரவுக் குழுவில் போட்டிருந்தேன். ஒருத்திக்குப் பாட்டி வளர்ப்பு, வாயைத் திறந்தால் தமிழ் கொட்டும். கதையை நான் படித்துக் காட்டினால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வாள், அவளே படிக்க வேண்டுமென்றால் மூன்றாவது சொல்லில் நின்றுவிடுவாள். இன்னொருவன் கணீரென்று வாசிப்பான், ண-வும் ன-வும்கூடத் தெளிவாக இருக்கும். வாசித்து முடித்ததும் ‘கிணற்றில் யார் விழுந்தது?’ என்று கேட்டேன். ‘டீச்சர், கிணறுன்னா என்ன?’ என்றான்.

1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காக வைத்தார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், அதுதான் வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி, பையனுக்கு வேண்டியது பேச்சும் சொல்வளமும். நான் இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அரை ஆண்டு வீணாகப் போனது.

ஆகவே, உங்கள் வகுப்பில் முதல் வகைப் பிள்ளைகள் அதிகமா, எழுத்து, ஒலி, சரளம் பற்றிய பயிற்சிக்குப் போங்கள். இரண்டாவது வகை அதிகமா, சொற்களஞ்சியம், வாய்மொழி, கதைசொல்லல் பக்கம் போங்கள். இரண்டும் கலந்திருந்தால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்) வேறுபடுத்திக் கற்பித்தல் என்ற தலைப்பில் வருவதைப் பாருங்கள். ஆசிரியர்களின் திறன் மேம்பாட்டுக்கான அமைச்சின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆசிரியர் திட்டம் 2020இல் வந்தபோது குறிப்பிட்ட ஆறு துறைகளில் அதுவும் ஒன்று, மதிப்பீடு பற்றிய அறிவும் ஒன்று.

ஆங்கில ஆசிரியர்களுக்கான வாசிப்புப் பயிற்சிக்கு நான் போகலாமா? அவர்களிடம்தான் எல்லாம் விரிவாக இருக்கிறது.

தாராளமாக. நான் போயிருக்கிறேன், நிறையக் கற்றேன். ஆங்கிலத்தில் 1990களிலிருந்தே தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளுக்குக் கற்றல் ஆதரவுத் திட்டம் இருக்கிறது, பெரிய புத்தகத்தை வைத்து வகுப்போடு சேர்ந்து வாசிக்கும் ஸ்டெல்லார் திட்டம் 2006இல் தொடங்கியது. அந்த ஆசிரியர்களின் கை பழகிய கை.

ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தமிழில் வைத்தால் சில இடத்தில் இடிக்கும். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு குழப்படி. தமிழில் அந்த உறவு பெரும்பாலும் நேரானது, ஆனால் அட்டையில் 247 எழுத்து தொங்குகிறது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம். நல்லவேளை, 216-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, குறிகள் தெரிந்தால் பெரும்பகுதி கட்டிவிடலாம். உகர ஊகார வரிசைதான் தொல்லை: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக வளையும். கன்னட எழுத்தை வைத்துச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வகை எழுத்தில் குறிகளை முழுதாகக் கைக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தைவிட அதிக ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியது. தொடக்கநிலை 3-இல் ஒரு பிள்ளை ‘மூ’-வில் தடுக்கினால் அதிர்ச்சி அடைய வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. ட, ப, ம என்று கோடு கிழிக்க எளிதான எழுத்துகளில் தொடங்கி, ஒரு புள்ளியையும் சேர்த்து, முதல் வாரத்திலேயே ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ என்று பிள்ளையை ஒரு சொல்லைப் படிக்கவைத்துவிடுவது நம் பழைய ஆசிரியர்களின் வழி. முழுச் சொல் ஒன்றைத் தானே படித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அப்புறம் நெடுங்கணக்கை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள்.

பயிலரங்குக்குப் போய் வருகிறேன், உற்சாகமாகத்தான் இருக்கிறது. இரண்டு வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. ஏன்?

எனக்கும் அதே கதைதான். பல ஆண்டுகளுக்கு முன் ஜூன் விடுமுறையில் ஒரு முழுநாள் பயிலரங்கு, யார் நடத்தியது என்பது வேண்டாம். அழகான ஸ்லைடுகள், நல்ல நாசி பிரியாணி, பையில் ஒரு சிடி. அந்த வேகத்தில் உயிர்மெய் அட்டைகள் அத்தனையையும் வண்ணத்தில் அச்சிட்டு, என் காசிலேயே லேமினேட் செய்தேன். மூன்று நாள் பயன்படுத்தியிருப்பேன். பள்ளி மாறும்போது அலமாரியைக் காலி செய்தேன், ரப்பர் பேண்டு இற்றுப்போய் அட்டையோடு ஒட்டிக்கிடந்தது.

1980களில் ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற இருவர் ஆசிரியர் பயிற்சி பற்றி நிறைய எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது: விளக்கம் கேட்பது, செய்துகாட்டுவதைப் பார்ப்பது, அங்கேயே செய்து பழகுவது எல்லாம் அறிவைத் தரும், ஆனால் அது வகுப்பறைக்குள் வந்து நிலைக்க வேண்டுமானால், திரும்பி வந்தபின் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு அது நடந்தது ஒரு மூத்த ஆசிரியரால். என் வகுப்பின் பின்வரிசையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் எழுதவில்லை. மணி அடித்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: ‘அந்தப் பொண்ணு தடுக்கின உடனே நீங்களே சொல்லைச் சொல்லிடுறீங்க டீச்சர். அஞ்சு வரைக்கும் எண்ணிப் பாருங்களேன்.’

எண்ணிப் பார்த்தேன். ஐந்து வினாடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நான்காவது வினாடியில் அவள் தானே படித்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் நான் போன முழுநாள் பயிலரங்குகள் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன், அவற்றில் கேட்டதெல்லாம் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். எனவே பயிற்சிக்குப் பதிவு செய்யும்போதே, வந்தபின் உங்கள் வகுப்பைப் பார்க்க யார் வருவார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். மேலதிகாரி வேண்டாம், மதிப்பீடு என்ற பயம் வந்துவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் போதும்.

பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். எப்படி?

நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய முறை, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளை வாசிக்க வாசிக்க, உங்கள் கையிலுள்ள பிரதியில் சரியாகப் படித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக். மாற்றிப் படித்தால், படித்ததை அந்தச் சொல்லுக்கு மேலே அப்படியே எழுதுங்கள். விட்டுவிட்டால் ஒரு கோடு. தானே திருத்திக்கொண்டால் ‘தி’ என்று போடுவேன். ஐந்து நிமிட வேலை.

எண்ணிக்கையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நூற்றுக்கு 95 சொல் சரி என்றால் எளிது, 90க்குக் கீழே என்றால் அந்தப் பனுவல் அந்தப் பிள்ளைக்குக் கடினம் என்பது ஆங்கிலத்துக்கு வகுத்த அளவு. நம் மொழியில் ‘போய்க்கொண்டிருந்தார்களாம்’ ஒரே சொல். ஆங்கிலத்தில் அது ஐந்தாறு சொல்லாகும். அதில் கடைசி ‘ஆம்’ மட்டும் விட்டுப்போனால் ஒரு முழுப் பிழையா? நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கும் இதே காரணத்தால் பொருந்தாது. நான் விழுக்காடு போடுவதை விட்டுவிட்டேன், எந்த வகைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

எழுத்துத் தமிழில் இருப்பதைப் பேச்சுத் தமிழில் மாற்றி வாசித்தால் பிழை என்று குறிக்க வேண்டுமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. புத்தகத்தில் ‘பழங்களைப் பையில் போட்டுக்கொண்டான்’ என்று இருக்கிறது. பிள்ளை ‘பழங்கள பையில போட்டுக்கிட்டான்’ என்று படிக்கிறாள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் மூன்றுமே தப்பு. ஆனால் யோசியுங்கள், எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வாய்க்குப் பழகிய வடிவில் வெளியே விட்டிருக்கிறாள். புரியாமல் இதைச் செய்யவே முடியாது. நான் அதற்கு ‘பே’ என்று தனிக் குறி வைத்திருக்கிறேன், பிழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே சமயம் வாய்மொழித் தேர்வில் வாய்விட்டு வாசிக்கும்போது எழுத்தில் உள்ளபடிதான் வாசிக்க வேண்டும், அதையும் அவளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘கதை சொல்றப்போ உன் வழி, தேர்வுல புத்தகத்து வழி’ என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைகூடப் புரிந்துகொள்கிறது. இரண்டையும் குழப்பி, பேச்சுத் தமிழே தவறு என்கிற மாதிரி முகத்தைச் சுளிக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2005 தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்து இத்தனை ஆண்டாகியும்!

எங்கள் பள்ளியில் இரண்டே தமிழாசிரியர்கள். யாரோடு சேர்ந்து கற்பது?

சீன ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும். இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, பக்கத்துப் பள்ளிகளோடு சேருங்கள். மாதம் ஒருமுறை, ஆளுக்கு ஒரு பிள்ளையின் வாசிப்புப் பதிவோடு வந்தால் போதும், நாங்கள் நான்கு பள்ளிகள் சேர்ந்து ஜூம் வழியாகச் செய்கிறோம். இரண்டு, மலாய் ஆசிரியர்களோடும் சீன ஆசிரியர்களோடும் உட்காருங்கள். மொழி வேறாக இருந்தாலும் ‘வீட்டில் பேசாத மொழியை வாசிக்கவைப்பது’ என்ற தலைவலி மூவருக்கும் பொது. ஒரு மலாய் ஆசிரியை சொல்லித்தந்த அசைக் கைதட்டலை நான் இன்றும் பயன்படுத்துகிறேன்.

ஒரு பிள்ளைக்கு டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) இருக்குமோ என்று சந்தேகம். தமிழாசிரியர் என்ன செய்வது?

முடிவு கட்டாதீர்கள், பெற்றோரிடம் அந்தச் சொல்லை முதலில் உச்சரிப்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். ஆங்கில ஆசிரியரிடம் போய், அங்கேயும் இப்படித்தானா என்று கேளுங்கள். தொடக்கநிலை 1 தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சோதனை நடத்தியிருப்பார்கள், அதன் முடிவு அவர்களிடம் இருக்கும். இரண்டு மொழியிலும் தடுமாறினால் வகுப்புப் பொறுப்பாசிரியர் வழியாகச் சிறப்புத் தேவை அதிகாரிக்குத் தெரியப்படுத்துங்கள். தமிழில் மட்டும் என்றால் பெரும்பாலும் பழக்கக் குறைவுதான். உங்கள் வாசிப்புப் பதிவுகளைத் தேதியோடு எடுத்துப் போங்கள், வெறும் ‘எனக்குத் தோன்றுகிறது’ எடுபடாது.

தமிழ்நாட்டுப் பயிற்சிகளும் பொருள்களும் நமக்கு உதவுமா?

ஓரளவு. 1 முதல் 3 வகுப்புகளுக்காக 2022இல் அங்கே தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் செயல்பாடுகள் சில அருமையானவை. ஆனால் அவை, பிள்ளைக்குத் தமிழ் பேச வரும் என்று நம்பிச் செய்தவை. நம் பிள்ளை ஏரியையும் களத்துமேட்டையும் பார்த்ததில்லை, வீவக அடுக்குமாடி புளோக்கையும் எம்ஆர்டி ரயிலையும்தான் பார்த்திருக்கிறது. படத்தை மாற்றுங்கள், சொல்லை மாற்றுங்கள், விளையாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளி ஆசிரியர் இல்லை, வீட்டில் துணைப்பாடம் நடத்துகிறேன்.

அமைச்சின் பயிற்சிகள் உங்களுக்குத் திறந்திருக்காது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டப்படிப்பு இருக்கிறது. மற்றபடி மேலே சொன்ன வாசிப்புப் பதிவுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை, ஒரு பிள்ளையோடு தனியாக உட்காரும் வசதி உங்களுக்கு எங்களைவிட அதிகம்.

பயிற்சிக்குப் போய் வந்ததைச் சக ஆசிரியர்களோடு பகிரச் சொல்கிறார் துறைத் தலைவர். என்ன பகிர்வது?

பயிலரங்கின் ஸ்லைடுகளைத் திரும்ப ஓட்டாதீர்கள், பிற்பகல் இரண்டரை மணிக்கு யாரும் விழித்திருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை வாசிக்கும் இரண்டு நிமிட ஒலிப்பதிவைக் கொண்டுபோங்கள். முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், ஒலிப்பதிவுக்கும் பள்ளியிடமும் பெற்றோரிடமும் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள். எல்லார் கையிலும் அந்தப் பனுவலைக் கொடுத்து, கேட்டுக்கொண்டே குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் தாள்களை மேசையில் பரப்புங்கள். ஒரே குரலைக் கேட்டு ஆறு பேர் ஆறு விதமாகக் குறித்திருப்பார்கள், ‘இது பிழையா இல்லையா’ என்று சண்டையே வரும். நான் முதல்முறை செய்தபோது ‘போட்டுக்கிட்டான்’ ஒன்றுக்கே முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது, வாங்கி வைத்த கறிபஃப் அத்தனையும் ஆறிப்போனது.